சேலைப் போர்வையில் எதைப் பிரிப்பது, எதை விடுவது

அம்மாவின் பழைய கைத்தறிச் சேலைகளை வெட்டி, துண்டுகளை இணைத்து நான் தைத்த முதல் குயில்ட் போர்வை ஒரே சலவையில் கெட்டது. அரக்குச் சிவப்பு பக்கத்திலிருந்த வெள்ளைக் கட்டங்களில் இறங்கிவிட்டது. பதறிப்போய் உடனே வெயிலில் காயப்போட்டேன், அதுதான் பெரிய தவறு. ஈரம் இருக்கும்வரை அந்தச் சாயத்தை எளிதாக வெளியே எடுத்துவிடலாம், காய்ந்தால் எடுப்பது கடினம். போர்வை முழுக்க மூழ்கும் அளவுக்கு டப்பில் சுடுதண்ணீர் நிரப்பி, திரவ சோப்பு கொஞ்சம் விட்டு, சில மணி நேரம் ஊறவைத்திருக்க வேண்டும். தண்ணீரில் நிறம் தெரிந்தால் மாற்றி மறுபடி ஊறவைக்கணும். தண்ணீர் குறைவாக இருந்தால் வெளியே வந்த சாயம் திரும்ப வெள்ளையிலேயே போய் உட்காரும்.

கல்லுப்பு போட்டு ஊறவைத்தால் சாயம் போகாது என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். சாயப்பட்டறையில் உப்புக்கு வேலை உண்டு, சாயத்தை நூலில் ஏற்ற அது உதவும். ஆனால் நூலில் பிடிக்காமல் மேலாக நிற்கும் சாயத்தை வீட்டு உப்பு பூட்டி வைக்காது. வெட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு துணியின் மூலையையும் நனைத்து, வெள்ளைத் துணியில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் ஒட்டாத வரை அலசுங்கள். அப்படியும் நிற்கவில்லை என்றால் அந்தச் சேலையை வெள்ளையோடு சேர்க்காதீர்கள்.

புதுத் துணியைத் துவைக்காமல் பழைய சேலையோடு சேர்ப்பதும் வம்புதான். சேலை சுருங்க வேண்டிய அளவு எப்போதோ சுருங்கியிருக்கும், புது பாப்ளின் உங்கள் போர்வைக்குள் வந்துதான் சுருங்கும். திருப்பூர் பனியன் கட்பீஸ் மலிவாகக் கிடைக்கிறதே என்று இடையில் நுழைக்கவும் வேண்டாம். அது இழுபடும், சேலை இழுபடாது. சேலையிலேயே உட்காரும் இடத்துப் பகுதி நைந்திருக்கும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் தெரிந்துவிடும்.

சரி, தையலுக்கு வருவோம். கட்டங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போவதற்கு வெட்டைத்தான் எல்லாரும் குறை சொல்வார்கள். பெரும்பாலும் குற்றவாளி தையல் விளிம்புதான், அதாவது தையலுக்கு வெளியே ஓரத்தில் விடும் துணி. குயில்ட்டுக்குக் கால் இஞ்ச், அதாவது இரண்டு நூல் விட்டுத் தைப்பது வழக்கம் (அளவுக் கணக்கில் ஒரு நூல் என்பது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு). நீங்கள் இரண்டரை நூல் விட்டால் ஒரு இணைப்பின் இரு பக்கமும் அரை அரை நூல் போகும், ஆக இணைப்புக்கு ஒரு நூல். ஒரு வரிசையில் 16 இணைப்பு இருந்தால் 16 நூல், முழுசாக 2 இஞ்ச் காணாமல் போகும். மெஷின் பாதத்தின் ஓரம் சரியாகக் கால் இஞ்சில் இருக்கும் என்று நம்பாதீர்கள். ஊசியை இறக்கி, அதிலிருந்து ஸ்கேல் வைத்து அளந்து, அந்த இடத்தில் தட்டின் மேல் டேப்பை நாலைந்து மடிப்பாக ஒட்டினால் துணியின் ஓரம் அதிலேயே இடித்துக்கொண்டு போகும்.

பிரிக்க வேண்டி வந்தால் பிளேடை இடையில் விட்டு இழுப்பது நம் ஊர் வழக்கம். நைந்த சேலையில் அது துணியையும் சேர்த்துக் கிழிக்கும். ஒரு பக்கத்தில் மூன்று தையலுக்கு ஒன்றாக ரிப்பரால் (தையல் பிரிக்கும் சிறு கருவி) வெட்டிக்கொண்டே போங்கள், பிறகு மறுபக்கத்து நூலை இழுத்தால் முழுசாக உருவி வந்துவிடும். பிரித்த துண்டு கோணலாகத் தெரிந்தால் இஸ்திரிப் பெட்டியை மேலே வைத்து அழுத்தி எடுங்கள், தேய்த்து ஓட்டாதீர்கள். முக்கோணத் துண்டின் கிராஸ் ஓரம், அதாவது இழைக்குக் குறுக்காகச் சாய்வாக வெட்டிய ஓரம், ஓட்ட ஓட்ட நீளும்.

அடித்துணியில் சுருக்கம் விழுவதற்குக் காரணம் அடுக்குகளைச் சரியாகப் பிணைக்காத சோம்பல். மெஷினின் பற்கள் அடித்துணியைத்தான் இழுக்கும், மேல்துணி பின்தங்கும். அடித்துணியைத் தரையில் விறைப்பாக டேப் போட்டு ஒட்டி, நடுவில் வரும் பஞ்சு அடுக்கு, மேல்துணி இரண்டையும் அதன்மேல் விரித்து, நாலு விரற்கடைக்கு ஓர் ஊக்கு குத்துங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்குத் தையுங்கள்.

கட்டம் ஒன்று தலைகீழாக இருக்கிறது, மூலை கொஞ்சம் விலகியிருக்கிறது என்பதற்கெல்லாம் நான் பிரிப்பதில்லை. பிய்ந்துவிடும் தவறை மட்டும்தான் பிரிப்பேன். குறையில்லாமல் படைப்பவர் கடவுள் மட்டுமே என்று ஆமிஷ் என்ற கிறித்தவப் பிரிவின் பெண்கள் வேண்டுமென்றே ஒரு தவறு வைப்பார்கள் என்று அமெரிக்காவில் ஒரு கதை உலவுகிறது. ஆதாரமில்லை என்கிறார்கள் குயில்ட் வரலாறு எழுதுபவர்கள். வேண்டுமென்று வேறு வைக்கணுமா என்ன, தானாகவே வருகிறதே! அலபாமாவின் ஜீஸ் பெண்ட் ஊரில் கறுப்பினப் பெண்கள் கிழிந்த வேலை உடுப்புகளில் தைத்த போர்வைகள் பலவற்றில் கோடுகள் வளைந்தும் நெளிந்தும்தான் இருக்கும். அவை 2002இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் தொங்கின, 2006இல் அமெரிக்கத் தபால்தலையிலும் வந்தன. கர்நாடகத்தில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள் கவந்தி என்ற தங்கள் போர்வையைத் தைக்கும்போது ஓரத்தில் தொடங்கி உள்ளே போவார்கள். துண்டு கோணலானால் அடுத்த துண்டை அதன்மேல் மடித்து வைத்துத் தைத்தால் போதும், அளவே தேவையில்லை.

என் முதல் போர்வையில் கறைபட்ட வெள்ளைக் கட்டங்களையும் அப்படித்தான் மூடினேன். அதே அரக்குச் சேலையின் முந்தானையில் இலை இலையாக வெட்டி மேலே வைத்துத் தைத்தேன், இந்த முறை ஐந்து தண்ணீர் அலசிவிட்டு.