பால் சீக்கிரம் கெடுகிறதா? வேறு பாலுக்கு மாறும் முன் இதைப் பாருங்கள்

கடையில் வாங்கிய பால் தேதிக்கு முன்பே திரிந்துபோனால், நிறைய பேர் அடுத்த நாளே வேறு நிறுவனத்தின் பாலுக்கு மாறிவிடுகிறார்கள். அதுவும் கெட்டால் இன்னொன்று. நான் பால் பதனிடும் ஆலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் பல வருடம் வேலை பார்த்தவள். புகாராகத் திரும்பி வந்த பாக்கெட்டுகளை முகர்ந்து, சூடாக்கி, சோதித்துப் பார்ப்பதில்தான் என் பாதி நேரம் போகும். பால் எங்கே கெட்டது என்று தெரியாமல் பாலை மாற்றுவது வீண் செலவு என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன். இடம் தெரிந்துவிட்டால் பல வீடுகளில் பாலை மாற்றவே வேண்டியிருக்காது. மாற்றத்தான் வேண்டும் என்றால் எதற்கு மாறுவது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

முதலில் பாக்கெட்டில் உள்ள தேதியைப் பற்றி. அந்தத் தேதி, பிரிக்காத பாக்கெட்டுக்கு மட்டும் சொல்லப்பட்டது. அதுவும் ஆலையிலிருந்து உங்கள் கை வரை ஒரே குளிரில் இருந்திருந்தால்தான். பிரித்துவிட்டால் கணக்கு வேறு, தேதி எவ்வளவு தள்ளி இருந்தாலும் சரி.

சாதாரணப் பாலைப் பதப்படுத்தும்போது 72 டிகிரி செல்சியஸில் 15 விநாடி வைக்கிறார்கள். நோய் தரும் கிருமிகளை அழிக்க இது போதும். பாலில் ஒரு கிருமிகூட இல்லாமல் செய்ய இது போதாது. பேசில்லஸ் வகைக் கிருமிகளின் வித்துகள் (விதை போல உறங்கிக் கிடந்து பிறகு முளைக்கும் வடிவம்) இந்தச் சூட்டைத் தாங்கி உயிரோடு இருக்கும். போதாததற்கு, சூடாக்கிய பிறகு குழாயிலோ நிரப்பும் இயந்திரத்திலோ கொஞ்சம் அசுத்தம் இருந்தால் சூடோமோனாஸ் போன்ற குளிர் தாங்கும் கிருமிகள் புதிதாக உள்ளே வந்துவிடும். இவை ஃபிரிட்ஜுக்குள்ளும் மெதுவாகப் பெருகும். ஃபிரிட்ஜ் வேகத்தைக் குறைக்குமே தவிர நிறுத்தாது. சில டிகிரி கூடினாலே பாலின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

கெட்ட விதம் சொல்லும் சேதி

கெட்ட பாலைக் கொட்டுவதற்கு முன் அது எப்படிக் கெட்டது என்று பாருங்கள். முகர்ந்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். கண்டிப்பாகத் தெரிய வேண்டும் என்றால் நாக்கு நுனியில் ஒரு சொட்டு வைத்துத் துப்பிவிடலாம். கர்ப்பிணிகள், வயதானவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம்.

நன்றாகப் புளித்திருந்தால், பால் எங்கேயோ வெளியில், சூட்டில் இருந்திருக்கிறது. லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் கிருமிகளுக்கு வெதுவெதுப்பான சூழல்தான் பிடிக்கும். கடைக்கு வந்த வண்டியிலோ, கடை வாசலிலோ, உங்கள் சாப்பாட்டு மேசையிலோ அது நேரம் கழித்திருக்கும்.

புளிப்பே இல்லாமல் கசப்போ அழுகல் நாற்றமோ அடித்தால் அது குளிர் தாங்கும் கிருமிகளின் வேலை. அவை பாலின் புரதத்தை உடைக்கும்போது கசப்பு வரும். கொழுப்பை உடைக்கும்போது காறல் நெடியும் சோப்பு வாடையும் வரும். ஃபிரிட்ஜ் போதுமான குளிரில் இல்லாததாலோ, பிரித்த பிறகு கரண்டி, கை, வாய் பட்டதாலோ, ஆலையிலேயே அசுத்தம் கலந்ததாலோ இது நடக்கும்.

மூன்றாவது வகை ஆளைக் குழப்பும். முகர்ந்தால் நல்ல பால்தான். ஊற்றினால் அடியில் கெட்டியாக இருக்கும், அல்லது காப்பியில் ஊற்றியதும் துணுக்குத் துணுக்காக மிதக்கும். சூட்டைத் தாங்கிய வித்துகள் முளைத்து, அவற்றின் நொதி புளிப்பு இல்லாமலேயே பாலைக் கட்டியாக்கிவிட்டது என்று அர்த்தம். ஃபிரிட்ஜின் குளிரைத்தான் இங்கே முதலில் சந்தேகப்பட வேண்டும்.

அட்டையை நனைத்தது போன்ற வாடை அடித்தால் கிருமி காரணமில்லை, வெளிச்சம். பாலில் உள்ள ரைபோஃபிளேவின் (வைட்டமின் பி2) ஒளியை உறிஞ்சி, புரதத்தையும் கொழுப்பையும் சிதைக்கிறது. கண்ணாடி பாட்டிலையும் ஒளி புகும் பிளாஸ்டிக் பாட்டிலையும் கடையின் பளிச்சென்ற விளக்குக்கு அடியில் வைத்திருந்தால் இப்படித்தான் ஆகும்.

இன்றைக்கு இந்தப் பாலைச் சூடாக்கினால் திரியுமா என்று சந்தேகமா? ஆய்வகத்தில் 5 மில்லி பாலைச் சோதனைக்குழாயில் எடுத்து, கொதிக்கும் தண்ணீரில் 5 நிமிடம் நிறுத்தி வைப்போம். பிறகு குழாயை வெளியே எடுத்து மெதுவாகச் சாய்த்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்போம். நல்ல பால் கண்ணாடியின் மேல் வழுவழுவென்று வழியும். கெடத் தொடங்கிய பால் சுவரில் ரவை போன்ற மணிகளை ஒட்டவைத்துவிட்டு இறங்கும். வீட்டில் இரண்டு கரண்டிப் பாலைச் சின்னப் பாத்திரத்தில் கொதிக்கவிட்டு, சாய்த்து, அதன் பக்கச் சுவரைப் பாருங்கள். அதே மணிகள் அங்கேயும் தெரியும். புதுப் பாலின் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண், புளிக்கப் புளிக்க இது இறங்கும்) 6.7 அளவில் இருக்கும். சாதாரண வெப்பநிலையில் அது 4.6 வரை இறங்கினால்தான் பால் கட்டியாகும். ஆனால் சூடாக்கும்போது இதில் கொஞ்சம் இறங்கியிருந்தாலே திரிந்துவிடும். குடுவையில் நன்றாகத் தெரிந்த பால் அடுப்பில் ஏன் காலை வாரியது என்ற கேள்விக்குப் பதில் இதுதான். ஒரு முழுப் பாத்திரப் பாலை வீணாக்குவதற்கு முன் இரண்டு கரண்டியில் தெரிந்துகொள்வது நல்லதுதானே.

எங்கே கெடுகிறது என்று பிடிக்கும் வழி

ஒரே கடையில், ஒரே தேதி போட்ட இரண்டு சின்னப் பாக்கெட்டுகளை வாங்குங்கள். ஒன்றை வழக்கம்போலப் பிரித்துப் பயன்படுத்துங்கள். இன்னொன்றைப் பிரிக்காமல் ஃபிரிட்ஜின் உட்புறம் வையுங்கள். பிரித்தது மட்டும் கெட்டால் பிரச்சினை நீங்கள் கையாளும் விதத்தில் இருக்கிறது. பிரிக்காததும் தேதிக்கு முன் கெட்டால் ஃபிரிட்ஜையோ, கடையையோ, ஆலையையோ பார்க்க வேண்டும்.

ஃபிரிட்ஜைச் சோதிக்க ஒரு வெப்பமானி போதும். ஒரு டம்ளர் தண்ணீரில் அதைப் போட்டு, பால் வைக்கும் அதே இடத்தில் இரவு முழுக்க விட்டுவிட்டு, காலையில் கதவைத் திறந்த கையோடு பாருங்கள். 4 டிகிரியோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும். கையால் தொட்டுப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. 4 டிகிரியும் 8 டிகிரியும் கைக்கு ஒரே சில்லிப்புதான். பாலுக்கு இரண்டும் வேறு வேறு. கதவில் உள்ள தட்டிலும் ஒரு தடவை சோதித்துப் பாருங்கள். பால் வைப்பதற்கென்றே செய்ததுபோல இருக்கும் அந்த இடம்தான் ஃபிரிட்ஜிலேயே அதிகம் சூடேறும் இடம். கீழ்த்தட்டின் பின்பக்கம் பாலுக்கு நல்லது.

ஃபிரிட்ஜ் சரியாக இருந்தும் பிரிக்காத பால் கெட்டால், அதே பாலை வேறு கடையில் வாங்கிப் பாருங்கள். நிறுவனத்தை மாற்றுவதற்கு முன் கடையை மாற்ற வேண்டும். இந்த வரிசையை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பலரும் தலைகீழாகத்தான் செய்கிறார்கள். கடையில் பால் பெட்டிகள் தரையில் காத்துக் கிடக்கின்றனவா, குளிர்பெட்டியில் மேலே வழிய அடுக்கியிருக்கிறார்களா, பாக்கெட் உப்பியிருக்கிறதா என்று கவனியுங்கள். உப்பிய பாக்கெட்டைத் தொடவே வேண்டாம். பின்வரிசையிலிருந்து எடுங்கள். பாலைக் கடைசியாக வாங்குங்கள், வாங்கிய கையோடு வீட்டுக்கு வாருங்கள். வெளியில் இருக்கும் நேரம் மொத்தமாக 2 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. 32 டிகிரிக்கு மேல் வெயில் அடித்தால் 1 மணி நேரம்தான்.

வீட்டில் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். புதுப் பாலைப் பழைய பாலின் மேல் ஊற்றாதீர்கள். அடியில் உள்ள பழைய பாலின் கிருமிகள் புதிய பாலையும் சேர்த்துக் கெடுத்துவிடும். மேசைக்குக் கொண்டுபோன பாலில் மீதியை மறுபடி பாக்கெட்டில் ஊற்றாதீர்கள். பால் குடுவையின் மூக்குப் பகுதியில் படியும் கொழுப்பைச் சுடுதண்ணீரும் பிரஷ்ஷும் கொண்டு தேய்த்துக் கழுவுங்கள். வெறுமனே அலசினால் அது போகாது. காய்ச்சி வைப்பவர்கள், காய்ச்சிய பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீரில் நிறுத்தி, சூட்டைச் சீக்கிரம் இறக்கி, ஃபிரிட்ஜில் வையுங்கள். அடுப்பு மேடையில் மூடி வைத்து மணிக்கணக்கில் மறந்துவிட்டால் காய்ச்சியதன் பலன் போய்விடும், ஏனென்றால் வித்துகள் கொதியையும் தாங்கும். அப்புறம், கெடத் தொடங்கிய பாலைக் கொதிக்க வைத்துக் காப்பாற்றவும் முடியாது. பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி உண்டாக்கும் ஒரு நச்சு கொதிநிலையிலும் அழிவதில்லை.

எதற்கு மாறலாம்

எல்லாம் சரிசெய்த பிறகும் பால் மிஞ்சிக் கெடுகிறது என்றால், நீங்கள் வாங்கும் அளவுக்கும் குடிக்கும் வேகத்துக்கும் பொருந்தவில்லை. சின்னப் பாக்கெட்டுக்கு மாறுவதுதான் முதல் மாற்று. அதுவும் முடியாவிட்டால் மற்றவற்றைப் பார்ப்போம்.

தினமும் கொஞ்சமாகக் குடிப்பவர்களுக்கு என் முதல் சிபாரிசு யுஎச்டி பால். 135 டிகிரிக்கு மேல் சில விநாடிகள் சூடாக்கி, கிருமி நீக்கிய அட்டைப்பெட்டியில் காற்றுப் படாமல் அடைக்கிறார்கள். வெளியில் மாதக்கணக்கில் கெடாமல் இருப்பதால், ஏதோ ரசாயனம் கலக்கிறார்கள் என்று பலர் பயப்படுகிறார்கள். அந்தச் சூடும் அந்த அடைப்பும்தான் காரணம். பதப்படுத்தும் ரசாயனம் அதற்குத் தேவையே இல்லை. லேசாகக் காய்ச்சிய சுவை இருக்கும், பழகிவிடும். ரென்னெட் என்ற, பாலை உறையவைக்கும் நொதி சேர்த்துப் பாலாடைக்கட்டி செய்ய மட்டும் இது சரிப்படாது. பிரித்த பிறகு இதுவும் சாதாரணப் பால்தான்: ஃபிரிட்ஜில் வைத்துச் சில நாட்களுக்குள் முடித்துவிட வேண்டும். புளிக்கவைக்கும் கிருமிகள் இதில் மிஞ்சாததால் புளித்து எச்சரிக்காமலேயே கெட்டுப்போகலாம். அதனால் பிரித்த தேதியைப் பெட்டி மேலேயே பேனாவால் எழுதிவையுங்கள். பெரிய பெட்டியைவிட 200 மில்லி பெட்டிகள் வாங்குவது நல்லது.

சாதாரணப் பாலுக்கும் யுஎச்டிக்கும் நடுவில் ஒரு வகை உண்டு. கூடுதல் சூட்டிலோ, மிக நுண்ணிய வடிகட்டியிலோ பதப்படுத்தி, குளிரிலேயே விற்கும் நீண்டநாள் பால். பிரிக்காமல் ஃபிரிட்ஜில் வாரக்கணக்கில் தாங்கும், சுவையும் புதுப்பாலுக்குப் பக்கத்தில் இருக்கும். கிடைத்தால் வாங்குங்கள்.

சமையலுக்கு மட்டும் பால் தேவை என்றால் பால்பவுடர் போதும். 1 லிட்டர் பாலுக்கு ஏறக்குறைய 125 கிராம் கொழுப்புள்ள பவுடர். முதலில் கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீரில் விழுதாகக் கரைத்துவிட்டு மீதித் தண்ணீரை ஊற்றினால் கட்டி தட்டாது. கரைத்த பிறகு பால் எவ்வளவு நேரம் தாங்குமோ அவ்வளவுதான் இதுவும். கொழுப்பு நீக்கிய பவுடர் அதிக நாள் தாங்கும். கொழுப்புள்ளது நாளாக நாளாகக் காறிப்போகும். மிஞ்சும் பாலை உறையவைக்கவும் செய்யலாம். உறையும்போது விரியும் என்பதால் பாத்திரத்தை நிரப்பாதீர்கள். ஃபிரிட்ஜுக்குள்ளேயே இளகவைத்து நன்றாகக் குலுக்குங்கள். கொழுப்பு பிரிந்து நிற்பதால் குடிக்கச் சுமார்தான், சமையலுக்குப் பரவாயில்லை.

லாக்டோஸ் (பாலில் உள்ள சர்க்கரை) நீக்கிய பால் அதிக நாள் வருகிறதே என்று சிலர் வாங்குகிறார்கள். லாக்டோஸ் இல்லாததால் அல்ல, பெரும்பாலும் கூடுதல் சூட்டில் பதப்படுத்துவதால்தான் அது தாங்குகிறது. பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்களுக்கு அது நல்ல தேர்வு. லாக்டோஸ் உடைந்து குளுக்கோஸும் கேலக்டோஸும் ஆவதால் கொஞ்சம் தித்திக்கும்.

தாவரப் பால் வாங்குவதானால் பெட்டியின் பக்கவாட்டில் புரத அளவைப் படியுங்கள். சோயாப் பாலில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 3 கிராம் புரதம் இருக்கும், பசும்பாலுக்குப் பக்கத்தில் வரும். ஓட்ஸ் பாலில் 1 கிராம் அளவுதான். பாதாம் பாலிலும் அரிசிப் பாலிலும் பெரும்பாலும் அதற்கும் குறைவு. கால்சியம் சேர்த்ததாகப் பார்த்து வாங்கி, ஒவ்வொரு தடவையும் குலுக்குங்கள், கால்சியம் அடியில் படிந்துவிடும். சூடான காப்பியில் திரிந்தால் பால் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். காப்பியின் அமிலமும் சூடும் சேர்ந்து அப்படிச் செய்யும். பாலைத் தனியாக லேசாகச் சூடாக்கி, கடைசியில் மெதுவாக ஊற்றிப் பாருங்கள். பிரித்த பெட்டி ஃபிரிட்ஜுக்குத்தான் போக வேண்டும்.

1 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இவை எதுவும் முக்கிய உணவாகக் கூடாது. தாய்ப்பால், இல்லாவிட்டால் குழந்தைகளுக்கான பால்மாவு. 5 வயதுக்குள் அரிசிப்பாலும் வேண்டாம் என்று பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ் சொல்கிறது, அதில் உள்ள ஆர்சனிக் என்ற நச்சுப் பொருள் காரணமாக. பதப்படுத்தாத பச்சைப் பாலை மாற்றாக நினைக்கவே நினைக்காதீர்கள்.

ஃபிரிட்ஜும் சரி, கடையையும் மாற்றியாயிற்று, அப்படியும் பிரிக்காத பால் தேதிக்கு முன் கெடுகிறது என்றால் நிறுவனத்திடம் புகார் சொல்லுங்கள். தேதி, தொகுப்பு எண், வாங்கிய கடை, எத்தனை டிகிரியில் வைத்தீர்கள் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள், பாக்கெட்டைப் படம் எடுத்து வையுங்கள். பிரித்த பாக்கெட்டை வைத்து ஆய்வகத்தால் அதிகம் கண்டுபிடிக்க முடியாது. கிருமி ஆலையிலிருந்து வந்ததா, சமையலறையிலிருந்து வந்ததா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. அதே தொகுப்பு எண் போட்ட பிரிக்காத இன்னொரு பாக்கெட் உங்கள் ஃபிரிட்ஜில் இருந்தால், எந்தக் குழாயைக் கழற்றிக் கழுவ வேண்டும் என்பதுவரை அவர்களால் தேடிப்போக முடியும்.