எல்விடிஎஸ் ஜோடியில் வோல்டேஜ் தப்பாக வந்தால்

டேட்டா குப்பையாக வருகிறது என்று என் பெஞ்சுக்கு வரும் போர்டுகளில், பெரும்பாலும் யாரோ ஏற்கெனவே சிப்பைக் கழற்றி மாற்றியிருப்பார்கள். சிப் பாவம். ஹாட் ஏர் எடுப்பதற்கு முன் ரிசீவர் பின்னில் எத்தனை மில்லிவோல்ட் வருகிறது என்று பாருங்கள். கோளாறு எங்கே என்று அந்த எண்ணே பெரும்பாலும் சொல்லிவிடும்.

முதலில் சரியான அளவு. எல்விடிஎஸ் என்பது ஒரே டேட்டாவை இரண்டு கோடுகளில் எதிரெதிராக, சின்ன வோல்டேஜில் அனுப்பும் முறை. எல்விடிஎஸ் டிரைவர் சுமார் 3.5 மில்லிஆம்பியர் கரண்டைத் திசை மாற்றி மாற்றி அனுப்புகிறது. ரிசீவர் அருகே இரு கோடுகளுக்கும் குறுக்கே உள்ள 100 ஓம் ரெசிஸ்டரில் அது 350 மில்லிவோல்ட். கிரவுண்டிலிருந்து பார்த்தால் ஒரு கோடு ஏறக்குறைய 1.375 வோல்ட், மற்றது 1.025. நடுப்புள்ளி 1.2. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து ஸ்கோப்பில் பார்த்தால் பீக்-டு-பீக் 700 தெரியும். அது தப்பில்லை, இது புரியாமல் நல்ல போர்டை ஒதுக்குகிறவர்கள் உண்டு.

பவரை அணைத்துவிட்டு ரிசீவரின் இரு பின்களுக்கும் நடுவே ஓம் பாருங்கள். 50 வந்தால் இரண்டு டெர்மினேஷன் (கோட்டின் முடிவில் போடும் அந்த 100 ஓம்) இருக்கிறது. 10 வந்தால் ரெசிஸ்டர் மேலுள்ள எழுத்தைப் பாருங்கள். மூன்று இலக்கக் குறியீட்டில் ‘100’ என்றால் 10 ஓம். நமக்கு வேண்டியது ‘101’. இதை மாற்றிப் போட்டால் 35 மில்லிவோல்ட்தான் கிடைக்கும். 0402 என்ற மிகச் சிறிய அளவு ரெசிஸ்டரில் பெரும்பாலும் எழுத்தே இருக்காது, மீட்டர்தான் துணை. சிப்புக்குள் இருக்கும் டெர்மினேஷன் பவர் இல்லாதபோது மீட்டரில் தெரியும் என்று நம்ப வேண்டாம்.

அப்புறம் பவர் கொடுத்து, இரண்டு ப்ரோப்பையும் ரிசீவர் பக்கம் வையுங்கள். கிரவுண்ட் ஒயர் குட்டையாக இருக்கட்டும். ஒரே ப்ரோப்பின் முனையை ஒரு கோட்டிலும் கிரவுண்ட் கிளிப்பை மற்றதிலும் மாட்டாதீர்கள். அந்தக் கோடு எர்த்தோடு சேர்ந்துவிடும்.

175 மில்லிவோல்ட் வந்தால், வெளியே 100 ஓம் போட்டு எஃப்பிஜிஏ (உள்சுற்றை நாமே அமைத்துக்கொள்ளும் சிப்) உள்ளேயும் டெர்மினேஷனை ஆன் செய்திருப்பார்கள். ரிசீவருக்கு 100 மில்லிவோல்ட் போதும் என்பதால் பெஞ்சில் ஓடும், கேபிள் நீண்டதும் கோளாறு தொடங்கும். ஒன்றை எடுத்துவிடுங்கள். சைலிங்க்ஸ் 7 சீரீஸ் எஃப்பிஜிஏவின் எச்ஆர் பேங்கில் (ஒரே சப்ளையில் ஓடும் பின்களின் குழு) உள் டெர்மினேஷனுக்கு அந்தப் பேங்கின் சப்ளையான விசிசிஓ 2.5 வோல்ட் இருந்தாக வேண்டும். 3.3 கொடுத்திருந்தால் வெளி ரெசிஸ்டரை எடுக்கக் கூடாது.

வேகம் குறைவான சிக்னலில் வீச்சு ஒரு வோல்ட்டைத் தாண்டினால் டெர்மினேஷனே இல்லை. கரண்டுக்குப் போக வழியில்லாமல் டிரைவர் முட்டும் வரை ஏறுகிறது.

எனக்குப் பிடித்த கோளாறு ஒன்று உண்டு. ரிசீவரில் இரு கோடுகளும் ஒரே அலையைக் காட்டும், இரண்டும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். ஒரு கோடு வழியில் அறுந்திருக்கிறது என்று அர்த்தம். அறுந்த பக்கம் 100 ஓம் வழியாக நல்ல பக்கத்தின் பின்னாலேயே போகிறது. கரண்ட் ஓடாததால் ரெசிஸ்டரில் வோல்டேஜும் இல்லை. வேகமான எட்ஜ்கள் மட்டும் அறுந்த இடத்திலுள்ள கெப்பாசிட்டன்ஸ் வழியாகக் கொஞ்சம் கடந்துவிடும், அதனால் லிங்க் சில நேரம் வேலை செய்து நம்மை ஏமாற்றும். கனெக்டர் பின்களின் சோல்டரை லென்ஸில் பாருங்கள், டிரைவர் பின்னிலிருந்து ரிசீவர் பின் வரை கண்டின்யூட்டி பாருங்கள்.

நடுப்புள்ளி 2 வோல்ட் அருகே என்றால் எதிர்முனையில் 3.3 வோல்ட் எல்விபெக்ல் (இன்னொரு ஜோடிக்கோடு முறை) டிரைவராக இருக்கலாம். நடுவில் கெப்பாசிட்டர் போட்ட ஜோடி என்றால், அதற்குப் பின் ரிசீவர் பக்கம் நடுப்புள்ளியைப் பிடித்து நிறுத்தும் பயாஸ் ரெசிஸ்டர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் நடுப்புள்ளி கண்ட இடத்துக்கு நகரும்.

அதுவும் இல்லையென்றால் இரண்டு போர்டின் கிரவுண்டுக்கும் நடுவே டிசி, ஏசி இரண்டையும் அளந்து பாருங்கள். எல்விடிஎஸ் தாங்கும் கிரவுண்ட் வித்தியாசம் சுமார் ஒரு வோல்ட்தான். அதைத் தாண்டினால் கனெக்டரில் கிரவுண்ட் பின்னைக் கூட்ட வேண்டும்.