கூரைக்கு முன்னால் பாய்லரைப் பாருங்கள்: சாயப்பட்டறைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் திருப்பூர் வீரபாண்டிப் பக்கம் ஒரு சாயப்பட்டறைக்குப் போயிருந்தேன். அப்பாவிடமிருந்து தொழிலைப் புதிதாக ஏற்றிருக்கும் இளைஞர். “ஷீட் மேல முழுக்க சோலார் போட்டாச்சுங்கண்ணா, இனி துணி வாங்குற பையர் கார்பன் பத்திப் பேசவே முடியாது” என்று பெருமையாகச் சொன்னார். பேசிக்கொண்டே பின்பக்கம் போனோம். சாய மெஷின்களின் ஓரமாக ஓடும் கால்வாயிலிருந்து, மார்கழிப் பனி மாதிரி ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. எனக்கு நெஞ்சு அடைத்தது. இதே தவறை நானும் செய்திருக்கிறேன்.

விளக்கை அணையுங்கள், ஏர் லைன் ஒழுகலை அடையுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

கூரையில் ஆரம்பிப்பது

2018-இல் நான் ஒரு பட்டறையில் மேனேஜர். கார்பன் கணக்கு கேட்டு பையரிடமிருந்து கடிதம் வந்தது. ஆடை பிராண்டுகள் தங்கள் கணக்கைப் போடும்போது நம் பாய்லர் புகையும் அதில் சேரும், அதனால்தான் கேட்கிறார்கள். நான் முதலாளியிடம் பேசி, கடன் வாங்க வைத்து, 300 கிலோவாட் சோலார் போட வைத்தேன். ஒன்றரைக் கோடி. அடுத்த வருடக் கணக்கில் மொத்தக் கார்பன் நான்கு சதவீதம்தான் குறைந்திருந்தது. முதலாளி ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்தத் தாளை மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டார்.

கணக்கை அப்போதுதான் ஒழுங்காகப் போட்டேன். நம் வெயிலுக்கு 300 கிலோவாட் சோலார் வருடத்துக்கு நாலேகால் லட்சம் யூனிட் சுமாருக்குத் தரும். கிரிட் மின்சாரம் யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று வைத்தால், மிச்சம் 300 டன். மணிக்கு 3 டன் ஸ்டீம் தரும் எங்கள் பாய்லரோ தினமும் 10 டன் நிலக்கரி தின்றது. இறக்குமதி நிலக்கரி ஒரு கிலோ எரிந்தால் 2 கிலோவுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு. அப்படியானால் 300 நாள் ஓடினாலே வருடத்துக்கு 6,000 டன். எரிசக்தியை மட்டும் பார்த்தால், நெசவு, தையல் யூனிட்டில் மின்சாரம்தான் பெரிய செலவு. சாயப்பட்டறையில் பெரிய செலவு வெந்நீர். இதை யோசிக்காமல் கையெழுத்துப் போட வைத்தேன்.

அந்தக் கால்வாய் ஆவிக்கு வருகிறேன். பாய்லரிலிருந்து வரும் ஸ்டீம், சாய மெஷினின் காயிலுக்குள் (சுருள் குழாய்) போய்ச் சூட்டைக் கொடுத்துவிட்டு, கண்டன்சேட் தண்ணீராக வெளியே வரும். அது சுத்தமான தண்ணீர், கை வைத்தால் தோல் உரியும் சூடு. ஸ்டீமில் இருக்கும் சூட்டில் கிட்டத்தட்ட கால் பங்கு அதில் தங்கியிருக்கிறது. அதைப் பைப் போட்டு பாய்லர் தொட்டிக்குத் திருப்பினால், உள்ளே போகும் தண்ணீரின் சூடு 6 டிகிரி ஏறுவதற்கு ஒரு சதவீதம் எரிபொருள் மிச்சமாகும். 35 டிகிரியில் உள்ளே போன எங்கள் தண்ணீர், பைப் போட்ட பிறகு 85 டிகிரியில் போனது. எட்டு சதவீதம் மிச்சம், அதாவது தினமும் 800 கிலோ நிலக்கரி. செலவு பதினைந்து லட்சத்துக்குள். ஒன்றரைக் கோடி சோலாரை விட அதிகக் கார்பனை அந்தப் பைப்பும் பம்பும் குறைத்தன.

இன்னொரு வேதனை. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாமல்தான் இங்கே தொழில் செய்கிறோம். கால்வாயில் விட்ட அந்த நல்ல தண்ணீர் சாயக்கழிவோடு சேர்கிறது. பிறகு அதைக் குளிர வைத்து, ஆர்.ஓ.வில் ஏற்றி, மிச்சத்தை எவாப்பரேட்டரில் மறுபடி ஸ்டீம் கொடுத்துக் காய்ச்சுகிறோம். காசு கொடுத்துச் சூடாக்கியதை வீணாக்கி, அதையே திரும்பக் காசு கொடுத்துக் காய்ச்சுகிறோம். இன்றைக்கும் ஒரு பட்டறைக் கால்வாயில் ஆவியைப் பார்த்தால் எனக்குக் கோபம் வந்துவிடும்.

சோலார் வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் ஸ்டீமை விடாமல் தண்ணீரை மட்டும் வெளியே விடும் ஸ்டீம் டிராப்பெல்லாம் வேலை செய்கிறதா பாருங்கள், சூடு போகாமல் பைப்புக்கு லாகிங் உறை கட்டுங்கள், கண்டன்சேட்டைத் திருப்புங்கள். அப்புறம் ஒரு கிலோ துணிக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் என்று பாருங்கள். 10 லிட்டரில் ஓடும் மெஷின் 6 லிட்டருக்கு வந்தால் சூடாக்க வேண்டியதும் குறையும், சுத்திகரிக்க வேண்டியதும் குறையும். அதற்குப் பிறகு கூரைக்கு ஏறலாம்.

விறகு என்றால் கார்பன் பூஜ்யம் என்று எழுதுவது

விறகின் கார்பன் டை ஆக்சைடைக் கார்பன் கணக்கில் தனியாகக் காட்ட வேண்டும். அதில் வரும் மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் வழக்கமான கணக்கில் சேரும். மரம் எங்கே வெட்டியது என்று பையர் கேட்டால் காட்ட பில் வேண்டும். சீமைக்கருவேலத்தை வெட்டியதும் ஈரத்தோடு எரிக்காதீர்கள். பச்சை விறகின் எடையில் பாதி வரைக்கும் தண்ணீர்தான். அதை ஆவியாக்கவே தீ செலவாகிவிடும். பாய்லருக்கு முன்னால் விறகுக்கு ஒரு ஷெட் போடுங்கள்.

விற்ற காற்றைச் சொந்தக் கணக்கில் எழுதுவது

உடுமலைப் பக்கம் காற்றாலை இருக்கிறது, ஆனால் கரண்டை மின்வாரியத்துக்கு விற்கிறீர்கள். அப்படியானால் அது உங்கள் பசுமை மின்சாரம் இல்லை. ஆடிட்டர் ஒரே கேள்வியில் கண்டுபிடித்துவிடுவார்.

ஐரோப்பிய கார்பன் வரிக்குப் பயந்து சான்றிதழ் வாங்குவது

அந்த வரி இரும்பு, அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவற்றுக்குத்தான். இப்போதைக்கு அந்தப் பட்டியலில் பனியன் இல்லை.

மின் பேனலைத் தரையோடு வைப்பது

பட்டறை நொய்யல் ஆற்றின் ஓரமா? வெள்ளம் தொடாதபடி பேனலை இடுப்பளவுக்கு ஏற்றுங்கள், ஐப்பசி மழைக்கு முன்னால்.

பிரீமியம் மிச்சம் என்று இன்சூரன்ஸில் வெள்ளப் பாதுகாப்பை நீக்குவது

பாலிசியை இன்றைக்கே எடுத்து, புயல், வெள்ளம் என்ற வரி அதில் இருக்கிறதா என்று படியுங்கள்.