தாளம் எங்கே தப்புகிறது? பிளே-காலிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2017 பிப்ரவரி 5, ஹூஸ்டன். அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லின் இறுதி ஆட்டம் சூப்பர் பௌல். அதன் மூன்றாம் கால்பகுதியில் 28-3 என்று முன்னிலையில் இருந்த அட்லாண்டா ஃபால்கன்ஸ், கடைசியில் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸிடம் 34-28 என்று தோற்றது. பேட்ரியாட்ஸின் டாம் பிரேடி மீட்டெடுத்த ஆட்டம் என்றுதான் பலரும் பேசுவார்கள். எனக்கோ நினைவில் நிற்பது ஃபால்கன்ஸ் ஆடிய மூன்று பிளேக்கள். பிளே என்பது பந்தை எடுக்கும் ஒவ்வொரு முறையும் ஆடுகிற திட்டமிட்ட நகர்வு. எதை ஆடுவது என்று பயிற்சியாளர் சொல்வதுதான் பிளே-காலிங்.

ஆட்டம் முடிய ஆறு நிமிடத்துக்கும் குறைவு, 28-20 என்று ஃபால்கன்ஸ் முன்னிலை. டெவோன்டா ஃப்ரீமனுக்கு ஒரு பாஸ், 39 யார்டு. ஜூலியோ ஜோன்ஸுக்கு ஒரு பாஸ், 27 யார்டு. பந்து பேட்ரியாட்ஸின் 22 யார்டு கோட்டுக்கு வந்துவிட்டது. அங்கிருந்து ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு இடையே உதைத்து மூன்று புள்ளி எடுப்பது) என்றால் ஏறக்குறைய 40 யார்டு உதை. அது விழுந்தால் 11 புள்ளி முன்னிலை. ஒரே டச் டவுனில் (பந்தை எதிரணி எல்லைக்குள் கொண்டுசேர்ப்பதில்) எதிரணி எட்டிப்பிடிக்க முடியாது. டவுன் என்றால் ஒரு முயற்சி; நான்கு டவுனுக்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். முதல் டவுனில் பந்தோடு ஓடினார்கள், ஒரு யார்டு நஷ்டம். இரண்டாம் டவுனில் பந்தை எறியும் குவார்ட்டர்பேக் மேட் ரையன் பாஸுக்காகப் பின்வாங்க, பேட்ரியாட்ஸின் டிரே ஃபிளவர்ஸ் அவரைப் பிடித்துச் சாய்த்தார். 12 யார்டு போயிற்று. அடுத்த பிளேயில் எதிராளியைப் பிடித்து நிறுத்தியதற்கு ஹோல்டிங் பெனால்டி, இன்னும் 10 யார்டு. மூன்றாம் டவுனில் எடுக்க வேண்டியது 33 யார்டு! உதைக்கிற தூரம் கைவிட்டுப் போய், பந்தைத் தூர உதைத்து எதிரணியிடம் விடும் பன்ட் அடித்தார்கள். பேட்ரியாட்ஸ் 91 யார்டு வந்து சமன் செய்தது.

ஃபால்கன்ஸுக்குப் பிளே சொன்ன பயிற்சியாளர் கைல் ஷானஹன் விவரம் தெரியாதவர் இல்லை. அந்த சீசனில் லீக்கிலேயே அதிகப் புள்ளி குவித்தது அவருடைய ஆஃபென்ஸ், அதாவது பந்தோடு தாக்கும் பிரிவுதான். பாஸ் நன்றாகப் போகிறது, தொடர்ந்து எறிவோம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் 22 யார்டு கோட்டில் கேள்வியே வேறு. அதுவரை முன்னேற வேண்டும். அங்கே வந்தபின் இருக்கிற இடத்தை இழக்கக் கூடாது, கடிகாரத்தை ஓடவிட வேண்டும். தாளம் நன்றாக இருக்கிறது என்பதற்காக நிலவரத்தைப் பார்க்காமல் போவதைத்தான் நான் முதல் தவறாக வைப்பேன். தேர்ந்த ஆளே விழுகிற குழி இது.

இதற்கு நேரெதிர்த் தவறும் உண்டு. ஒரு ஓட்டம் ஆறு யார்டு தருகிறது, மறுபடி ஆறு தருகிறது. எதிரணியின் டிஃபென்ஸ், அதாவது தடுக்கும் பிரிவு, இன்னும் விடை கண்டுபிடிக்கவில்லை. அதற்குள் பிளே சொல்பவர் தந்திரம் காட்டக் கிளம்பி, வேறொன்றுக்குத் தாவிவிடுவார். எதிரணி ஆள் மாற்றி அடைக்கிறவரை அதே கதவில் நுழையலாமே.

முதல் டவுன் ஓட்டம், இரண்டாம் டவுன் ஓட்டம், மூன்றாம் டவுனில் ஏழு யார்டுக்குப் பாஸ் என்று அரைத்த மாவையே அரைப்பது பார்வையாளருக்கே சலிப்பு. அதன் உண்மையான கேடு மூன்றாம் டவுனில் தெரியும். இனி ஓட்டம் வராது என்று டிஃபென்ஸுக்குத் தெரியும். முன்வரிசை ஆட்கள் தயக்கமே இல்லாமல் குவார்ட்டர்பேக் மேல் பாய்வார்கள். ஓடி ஓடி நம்பவைத்தால்தான், ஓடுவதுபோல் ஏய்த்துப் பாஸ் எறியும் பிளே-ஆக்‌ஷன் பலிக்கும் என்பார்கள். என்எஃப்எல் ஆட்டத் தரவுகளை அலசியவர்கள் அப்படிக் காணவில்லை. ஓட்டம் அதிகமில்லாத அணிக்கும் அது பலிக்கிறது.

வெளியில் அதிகம் பேசப்படாதது தாமதம். முந்தைய பிளே முடிந்ததும் பிளே கிளாக், அதாவது அடுத்த பிளேக்கான கெடு, 40 விநாடியில் தொடங்கும். 15 விநாடி மீதமிருக்கும்போது பயிற்சியாளரின் குரல் வருகிற, குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டில் உள்ள ஒலிபெருக்கி அடங்கிவிடும். ஆக, பயிற்சியாளருக்குக் கிடைப்பது 25 விநாடி. அதற்குள் டவுனையும் தூரத்தையும் பார்த்து, ஆட்களை மாற்றி, பிளேயைச் சொல்லிவிட வேண்டும். ஒரு பிளேயின் பெயரே சில சமயம் பத்துப் பன்னிரண்டு சொல் வரும். குவார்ட்டர்பேக் அதை ஹடுலில் (வீரர்கள் கூடிநின்று பேசும் வட்டத்தில்) ஒப்பித்து, ஆட்களை வரிசையில் நிறுத்தி, எதிரே யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பிளே கடைசி விநாடியில் வந்தால் இந்தப் பார்வைக்குத்தான் நேரமிருக்காது. கூடுதல் ஆட்கள் குவார்ட்டர்பேக் மேல் பாயும் பிளிட்ஸ் வருவது கண்ணுக்குத் தெரிந்தாலும் பிளேயை மாற்ற முடியாது. தப்பிக்க டைம் அவுட் எடுப்பார்கள். அரைப்பகுதிக்கு இருப்பதே மூன்று. எடுக்காவிட்டால் தாமதத்துக்கு ஐந்து யார்டு பெனால்டி.

வேகமும் இருபுறம் கூரான கத்தி. 1991 ஜனவரி சூப்பர் பௌலில், ஹடுல் இல்லாமல் விறுவிறுவென்று ஆடும் பஃபலோ பில்ஸை நியூயார்க் ஜயண்ட்ஸ் 20-19 என்று வென்றது. 60 நிமிடத்தில் 40 நிமிடம் 33 விநாடி பந்து ஜயண்ட்ஸ் கையில். வேகமாக ஆடி மூன்றே பிளேயில் பந்தைத் திருப்பிக் கொடுத்தால், மூச்சு வாங்குவது சொந்த டிஃபென்ஸுக்குத்தான்.

தொடக்கப் பிளேக்களை முன்கூட்டியே எழுதிவைக்கும் வழக்கத்துக்குப் பேர் பெற்றவர் பயிற்சியாளர் பில் வால்ஷ். சான் பிரான்சிஸ்கோ அணியில் அந்தப் பட்டியல் 25 வரை போனது. எதிரணி எந்த அமைப்புக்கு எப்படி நகர்கிறது என்று பார்த்துக்கொள்ளவும் அது உதவும். அப்படிப் பார்க்காமல் வரிசையாக ஒப்பித்து முடிப்பவர்களுக்கு, பட்டியல் தீர்ந்ததும் அடுத்து என்ன என்றே தெரியாது.

கடைசியாக, எறிகிறவரைக் கேட்காமல் பட்டியல் போடுவது. பல பயிற்சியாளர்கள் ஆட்டத்துக்கு முந்தைய இரவு குவார்ட்டர்பேக்கோடு உட்கார்ந்து, மூன்றாம் டவுனுக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். அவர் முகம் சுளிக்கிற பிளே காகிதத்தில் எவ்வளவு அழகாக இருந்தாலும், அந்த இரவே அடித்துவிடுவது நல்லது.