குழந்தை இருக்கைச் சட்டத்தில் ‘அல்லது’ எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

நான் 34 ஆண்டுகள் மெய்ப்புப் பார்த்தவன். ஓய்வுபெற்ற பிறகு கைக்கு வந்த மிகக் கடினமான பிரதி எது என்றால், பேத்தியின் கார் இருக்கையோடு வந்த கையேடும் அதைப் பற்றிய சட்டமும்தான். மகள் வேலைக்குத் திரும்பிய வாரத்தில், “அப்பா, இனி நீங்கள்தான் அவளைக் காரில் கூட்டிக்கொண்டு போக வேண்டும். இருக்கையை ஒழுங்காகப் பொருத்தத் தெரியுமா?” என்று கேட்டாள். தெரியும் என்றேன். தெரியாது. அவளையே மடியில் வைத்துக்கொண்டு வளர்த்தவன் நான்.

மடி விஷயத்தை முதலிலேயே முடித்துவிடுகிறேன். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 10 கிலோ எடையுள்ள குழந்தையைப் பிடித்து நிறுத்த அந்தக் கணத்தில் ஏறத்தாழ 140 கிலோவைத் தாங்கும் வலு வேண்டும். காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு என் இரண்டு கைகளையும் பார்த்தேன். அத்தோடு மடிப் பேச்சை விட்டுவிட்டேன்.

இனி சட்டம். யாரோ அனுப்பிய சுருக்கப் படத்தை நம்பாதீர்கள். உங்கள் நாட்டு அல்லது மாநிலப் போக்குவரத்துத் துறை வெளியிட்டிருக்கும் மூல வாசகத்தை எடுங்கள். ஒரு பென்சிலும் வேண்டும். வயது, உயரம், எடை என்று வரும் எண்களுக்கெல்லாம் அடிக்கோடு போடுங்கள். பிறகு ‘அல்லது’, ‘மற்றும்’, ‘வரை’, ‘தவிர’ ஆகிய நான்கு சொற்களையும் வட்டமிடுங்கள். மக்கள் எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்று முடிவு செய்பவை இந்தச் சின்னச் சொற்கள்தான்.

பிரிட்டனில் குழந்தைக்கு 12 வயது ஆகும் வரை அல்லது 135 செ.மீ. உயரம் வரும் வரை தனி இருக்கை வேண்டும்; இரண்டில் எது முந்துகிறதோ அதுவே கணக்கு. ஆகவே உயரமான ஒன்பது வயதுக்காரனுக்குச் சட்டப்படி விலக்கு உண்டு, குட்டையான பதினொரு வயதுக்காரிக்கு இல்லை. ஜெர்மனியிலும் வயது அதே 12தான், உயரம் மட்டும் 150 செ.மீ. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டு உத்தரவு 150 என்று வைத்துவிட்டு, வேண்டுமானால் 135 என்று இறக்கிக்கொள்ளலாம் என உறுப்பு நாடுகளுக்கு இடம் கொடுத்தது. எல்லை தாண்டிக் காரில் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கலிபோர்னியாவில் இரண்டு வயது நிறையாத குழந்தை பின்னோக்கித்தான் உட்கார வேண்டும், அதாவது முகம் காரின் பின்கண்ணாடியைப் பார்த்திருக்க வேண்டும். ஏறத்தாழ 18 கிலோ எடை அல்லது 101 செ.மீ. உயரத்தை எட்டிய குழந்தைக்கு மட்டும் விலக்கு. இங்கே ‘அல்லது’ இருப்பதால் இரண்டில் ஒன்று போதும். ஐ.நா.வின் ஆர்129 விதிப்படி செய்த இருக்கைகளிலோ, குழந்தைக்கு 15 மாதம் நிறைவதற்கு முன் முன்னோக்கித் திருப்பக் கூடாது. அதோடு லேபிளில் சொல்லியிருக்கும் குறைந்தபட்ச உயரத்தையும் குழந்தை எட்டியிருக்க வேண்டும். இங்கே இரண்டும் வேண்டும்.

இந்தியாவில் 2019 திருத்தத்தின் வழியே வந்த 194பி பிரிவு, 14 வயது நிறையாத குழந்தை சீட் பெல்ட் ‘அல்லது’ குழந்தைக்கான பாதுகாப்பு அமைப்பால் கட்டப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. தண்டனை ஓட்டுபவருக்கு மட்டுமல்ல, ஓட்ட அனுமதிப்பவருக்கும் உண்டு. நான் பார்த்த வாக்கியங்களிலேயே என்னை அதிகம் உறுத்தியது இதுதான். அந்த ‘அல்லது’வைப் பிடித்துக்கொண்டு இரண்டு வயதுக் குழந்தைக்குப் பெரியவர்களின் பெல்ட்டை மாட்டிவிட்டுச் சட்டத்தை நிறைவேற்றிவிட்டதாக ஒருவர் நினைத்துக்கொள்ளலாம். அந்தப் பெல்ட் அவ்வளவு சின்ன உடலில் கழுத்திலும் வயிற்றிலும்தான் விழும்.

‘தவிர’ என்ற சொல்லின் கதை இன்னும் மோசம். அமெரிக்காவில் குழந்தைகளுக்குக் கார் இருக்கையைக் கட்டாயமாக்கிய முதல் மாநிலம் டென்னசி. ராபர்ட் சாண்டர்ஸ் என்ற குழந்தை மருத்துவர் விடாமல் முயன்று கொண்டுவந்த சட்டம் அது. 1978இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் பெரியவர் ஒருவர் கைக்குழந்தையைக் கையில் பிடித்திருந்தால் போதும் என்று ஒரு விலக்கையும் உள்ளே நுழைத்துவிட்டார்கள். எதைத் தடுக்கச் சட்டம் வந்ததோ அதையே அனுமதித்த அந்த வரியை எடுக்க 1981 வரை ஆயிற்று. இன்றும் பல இடங்களில் டாக்சிக்கு விலக்கு இருக்கிறது. அபராதத்திலிருந்து விலக்கு, அவ்வளவுதான். மோதலுக்கு அது டாக்சி என்று தெரியாது.

பின்னோக்கி உட்கார்வதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் தவறு செய்த இடம் அதுதான். பேத்திக்கு 13 மாதம் ஆனபோது அவள் கால்கள் இருக்கையின் முதுகில் முட்டி மடங்கிக் கிடந்தன. பாவமாக இருந்தது. மகளிடம் கேட்காமல் இருக்கையை முன்னோக்கித் திருப்பிவிட்டேன். மாலையில் பார்த்தவள் ஒரு வார்த்தை பேசவில்லை; கழற்றி, பழையபடி மாட்டி, கையேட்டின் பக்கத்தை விரித்து என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். கால் மடங்குவதால் ஒன்றும் ஆகாது. சிறு குழந்தைக்கு உடலோடு ஒப்பிட்டால் தலை பெரிது, கனமும் அதிகம். கழுத்தெலும்பு இன்னும் உறுதிப்படவில்லை. முன்னோக்கி இருந்தால் நேர் மோதலில் உடலை வார்கள் பிடித்துக்கொள்ளும், தலை மட்டும் முன்னால் பாயும். பின்னோக்கி இருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் இருக்கையே ஒன்றாகத் தாங்கிக்கொள்ளும். 1960களில் சுவீடனின் போக்குவரத்துப் பாதுகாப்பு ஆய்வாளர் பெர்டில் ஆல்ட்மன் இந்த யோசனையைப் பிடித்தது, விண்வெளி வீரர்கள் கிளம்பும்போது முதுகு சாய்ந்து படுத்திருந்த இருக்கைகளைப் பார்த்துத்தான்.

ஆகவே சட்டம் சொல்லும் மாதத்தைக் கடைசி நாளாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதற்கு முன் திருப்பாதே என்பதுதான் அதன் பொருள். அன்றே திருப்பு என்பதல்ல. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2018இல் வயதுக் கணக்கையே விட்டுவிட்டு, இருக்கை அனுமதிக்கும் அதிகபட்ச எடை அல்லது உயரம் வரை பின்னோக்கியே வைத்திருங்கள் என்றது. முன்னிருக்கையில் ஏர்பேக் இயங்கும் நிலையில் இருந்தால் அங்கே பின்னோக்கிய இருக்கையை ஒருபோதும் வைக்கக் கூடாது. விரியும் பை நேராக இருக்கையின் முதுகில், குழந்தையின் தலைக்குப் பின்னால், அறையும். ஐரோப்பாவில் இது சட்டப்படியே குற்றம்.

அடுத்து லேபிள். ஐ.நா. விதிப்படி செய்த இருக்கையில் வட்டத்துக்குள் ஆங்கில ‘இ’ எழுத்தும் ஒரு நாட்டு எண்ணும், கூடவே ஆர்129 அல்லது பழைய ஆர்44 என்ற குறியும் இருக்கும். ஆர்44 என்றால் அனுமதி எண் 03 அல்லது 04 என்று தொடங்குகிறதா என்று பாருங்கள். அமெரிக்க இருக்கையில் கூட்டாட்சித் தரநிலைகளுக்கு உட்பட்டது என்ற வாசகம் இருக்கும். ஒரு நாட்டின் முத்திரை இன்னொரு நாட்டில் செல்லாமல் போகலாம் என்பதால் வெளிநாட்டிலிருந்து இருக்கையைச் சுமந்து வருவதற்கு முன் விசாரித்துவிடுங்கள்.

பொருத்துவதற்குக் கையேடுதான் சட்டம். காரின் கையேடு, இருக்கையின் கையேடு இரண்டும். ஐசோஃபிக்ஸ் கொக்கி (காரிலேயே பொருத்தியிருக்கும் உலோக வளையங்களில் மாட்டுவது) அல்லது சீட் பெல்ட், அவர்கள் சொன்ன வழியில் மாட்டுங்கள். பெல்ட் ஊடாகச் செல்லும் இடத்தில் இருக்கையைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், 2.5 செ.மீ.க்கு மேல் அசைந்தால் மறுபடி இறுக்குங்கள். நான் முழங்காலை இருக்கையில் ஊன்றி, முழு எடையையும் போட்டுத்தான் இறுக்குகிறேன். தோள் வார்கள் பின்னோக்கி இருக்கும்போது தோளின் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ, முன்னோக்கி இருக்கும்போது தோள் மட்டத்திலோ சற்று மேலேயோ வர வேண்டும். வாரை மாட்டிய பிறகு தோளருகே இரு விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு பிடிக்க வந்தால் தளர்வு. தடித்த மேலங்கியோடு கட்டாதீர்கள். மோதலில் அது நசுங்கி வாரைத் தளர்த்திவிடும். அங்கியைக் கழற்றிக் கட்டிவிட்டு மேலே போர்த்துங்கள்.

பூஸ்டர், அதாவது பெரியவர்களின் பெல்ட் சரியாக விழும்படி குழந்தையை உயர்த்தி உட்கார வைக்கும் இருக்கை. அந்தப் பருவத்தில் பார்க்க வேண்டியது பெல்ட்டின் பாதை மட்டுமே: கீழ்ப்பட்டை வயிற்றில் அல்ல, தொடை தொடங்கும் இடத்தில், மேல்பட்டை கழுத்தில் அல்ல, தோளின் நடுவில். உறுத்துகிறது என்று அதைக் கைக்கு அடியில் விடக் கூடாது.

தெரிந்தவர் ஒருவர் எங்களுக்குப் பழைய இருக்கை ஒன்றை அன்போடு கொடுத்தார். நல்ல துணி, சுத்தமாக இருந்தது. புரட்டிப் பார்த்தேன், லேபிள் கிழிந்திருந்தது, தயாரித்த ஆண்டும் தெரியவில்லை. விபத்தில் சிக்கியதா என்று கேட்டதற்கு, “அதற்கு முன் யாரிடம் இருந்தது என்று தெரியாதே” என்றார். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். அன்றிரவே வார்கள் நான்கையும் கத்தரித்து, இருக்கையின் பிளாஸ்டிக் ஓட்டின் மீது தடித்த பேனாவால் ‘பயன்படுத்தக் கூடாது’ என்று எழுதிக் குப்பையில் போட்டேன். வெட்டாமல் போட்டால் வேறு யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.