பேக்கப் இருக்கிறதா? சரி, அதை எப்போதாவது திறந்து பார்த்தீர்களா?

சிறிய அலுவலகங்களின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. தரவு போய்விட்டது என்று பதறி அழைப்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, "பேக்கப் இருக்கிறதா?" பெரும்பாலும் "இருக்கிறது" என்றுதான் பதில் வரும். அடுத்து, "அதிலிருந்து ஒரு ஃபைலையாவது திரும்ப எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்பேன். அங்கேதான் பேச்சு நின்றுபோகும்.

ஒரு கணக்கு அலுவலகம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. காலையில் வந்து கணினியைத் திறந்தால் எல்லா ஃபைல்களின் பெயருக்குப் பின்னாலும் புரியாத எழுத்துகள் ஒட்டியிருக்கின்றன. எக்செல் ஷீட் ஒன்றுகூடத் திறக்கவில்லை. டெஸ்க்டாப்பில் ஒரு டெக்ஸ்ட் ஃபைல்: பணம் கட்டினால் சாவி தருவோம். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர். உரிமையாளர் நிதானமாகவே இருந்தார். "தினமும் ராத்திரி ஹார்டு டிஸ்க்கில் காப்பி ஆகிவிடும்" என்று மானிட்டருக்குப் பின்னால் கையைக் காட்டினார். அந்த எக்ஸ்டர்னல் டிஸ்க் இரண்டு வருடமாகக் கணினியில் செருகியபடியே கிடந்தது. நீல விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. ஃபோல்டரைத் திறந்தோம். அங்கேயும் அதே எழுத்துகள்.

அன்று அவர் முகம் மாறியதை மறக்க முடியவில்லை. அவர் அசட்டையான மனிதர் இல்லை. டிஸ்க் வாங்கினார், தினமும் காப்பி எடுக்க ஏற்பாடு செய்தார். ஆனால் கணினியால் எழுத முடிந்த இடத்தில் எல்லாம் ரான்சம்வேராலும் எழுத முடியும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

ஒத்திசைவைப் பேக்கப் என்று நினைப்பது

இன்று இதே தவறு வேறு உருவில் நடக்கிறது. "எல்லாம் கூகுள் டிரைவில் இருக்கிறது, ஒன்டிரைவில் இருக்கிறது" என்கிறார்கள். கணினியிலுள்ள ஃபோல்டரும் கிளவுடில் உள்ள ஃபோல்டரும் எப்போதும் ஒரே மாதிரி இருக்கும்படி பார்த்துக்கொள்வது 'சிங்க்', அதாவது ஒத்திசைவு. நீங்கள் தவறுதலாக ஒரு ஃபைலை அழித்தால் அங்கேயும் அழியும். கெட்டுப்போன ஃபைலைச் சேமித்தால் அங்கேயும் கெட்டதுதான் இருக்கும். குப்பைத்தொட்டியில் இருந்தும் பழைய பதிப்புகளில் இருந்தும் மீட்கலாம் என்பது உண்மைதான், ஆனால் அதற்குக் கெடு உண்டு. கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டி 30 நாளில் காலியாகிவிடும். போன வருடக் கணக்கு ஃபைல் காணவில்லை என்பது பலருக்கு இந்த வருடம் தேடும்போதுதான் தெரியவருகிறது.

பெரிய நிறுவனமும் இதில் வழுக்கியிருக்கிறது. 2017 ஜூன் 27-ஆம் தேதி நாட்பெட்யா என்ற நாசவேலை மென்பொருள் உக்ரைனில் பரவலாகப் பயன்பட்ட ஒரு கணக்கு மென்பொருளின் அப்டேட் வழியாகக் கிளம்பி உலகம் முழுக்கப் பாய்ந்தது. கப்பல் நிறுவனமான மெர்ஸ்க் அதில் சிக்கியது. அதன் வலையமைப்பில் யார் எதைத் திறக்கலாம் என்று தீர்மானிக்கும் டொமைன் கன்ட்ரோலர் சர்வர்கள் சுமார் 150 இருந்தன. ஒன்று போனால் இன்னொன்று கைகொடுக்கும் என்பது கணக்கு. அவை ஒன்றையொன்று நகலெடுத்துக்கொண்டே இருந்தன. எல்லாம் ஒரே நேரத்தில் போகும் என்று யாரும் எண்ணவில்லை. கடைசியில் கானாவில் இருந்த ஒரே ஒரு சர்வர் தப்பியிருந்தது. தாக்குதலுக்கு முன்பே அங்கே மின்வெட்டு ஏற்பட்டு அது வலையமைப்பில் இருந்து துண்டாகிக் கிடந்ததுதான் காரணம். அதை வைத்துத்தான் மீண்டார்கள். பத்தே நாளில் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் புதிதாக நிறுவ வேண்டியிருந்தது.

துண்டாகிக் கிடந்ததுதான் காப்பாற்றியது. ஆகவே ஒரு நகலாவது எதனோடும் இணையாமல் இருக்கட்டும். இந்தத் துறையில் '3-2-1' என்று ஒரு பழைய வழக்கம் உண்டு: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு இடத்தில். சிறிய அலுவலகத்துக்கு இரண்டு எக்ஸ்டர்னல் டிஸ்க் போதும். வாரம் ஒன்று என்று மாற்றி மாற்றி, காப்பி முடிந்ததும் கழற்றி, ஒன்றை வேறு இடத்துக்கு அனுப்பிவிடுங்கள். கூடவே பழைய பதிப்புகளை வைத்திருக்கும் கிளவுட் பேக்கப் ஒன்று. பென் டிரைவை வருடக்கணக்கில் பத்திரப்படுத்தும் பெட்டகமாக நம்ப வேண்டாம். அது ஓரிடத்தில் இருந்து இன்னோரிடத்துக்கு எடுத்துப்போகத்தான் ஏற்றது.

'வேறு இடம்' என்பதை வேறு அறை என்று புரிந்துகொள்பவர்கள் அதிகம். 2021 மார்ச் 10-ஆம் தேதி பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் கிளவுட் சேவை தரும் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்தபோது, பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்த வாடிக்கையாளர்கள் சிலர் இரண்டையும் சேர்த்தே இழந்தார்கள்.

எடுத்த பேக்கப்பைத் திறந்தே பார்க்காதது

என்னைக் கேட்டால் தவறுகளில் தலையாயது இதுதான். 2017 ஜனவரி 31 இரவு, மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் தளமான கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் துணை சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரின் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழிக்கத் தொடங்கினார். ஓரிரு நொடியில் சுதாரித்து நிறுத்திவிட்டார். ஆனால் அதற்குள் சுமார் 300 ஜிபியில் எஞ்சியது 4.5 ஜிபி. பேக்கப்பைத் தேடினார்கள். தினமும் ஓடவேண்டிய பேக்கப், பதிப்பு பொருந்தாததால் சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. "தோற்றுவிட்டேன்" என்று அது அனுப்பிய மின்னஞ்சல்களும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. வேறொரு வேலைக்காக அதே பொறியாளர் ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்து வைத்த ஒரு நகல் இருந்ததால் பிழைத்தார்கள். இதை அந்த நிறுவனமே வெளிப்படையாக எழுதி வைத்தது. அதற்காக அவர்களை மதிக்கிறேன்.

மென்பொருள் எழுதுவதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கே இந்த நிலை என்றால், நாம் பச்சை டிக் குறியைப் பார்த்துவிட்டுத் தூங்கலாமா? மாதம் ஒரு முறை பேக்கப் டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி, ஒரு பழைய ஃபைலையும் ஒரு புதிய ஃபைலையும் திறந்து பாருங்கள். கணக்கு மென்பொருள் என்றால் அதன் டேட்டாவை இன்னொரு கணினியில் ரீஸ்டோர் செய்து, கடைசியாகப் போட்ட பில் தெரிகிறதா என்று பாருங்கள். மென்பொருள் திறந்திருக்கும்போது அதன் டேட்டா ஃபைல் சரியாகக் காப்பி ஆகாமல் போகலாம். மின்னஞ்சல்களைச் சேமித்து வைக்கும் அவுட்லுக்கின் பிஎஸ்டி ஃபைலும் அப்படித்தான். ராத்திரி அவுட்லுக்கை மூடாமலே வீட்டுக்குப் போகும் அலுவலகத்தில் மின்னஞ்சல் மட்டும் பேக்கப்பில் இல்லாமல் போவதை நான் பார்த்திருக்கிறேன். டெஸ்க்டாப்பும் 'டவுன்லோட்ஸ்' ஃபோல்டரும் அடிக்கடி விட்டுப்போகும். முக்கியமான காகிதங்களை ஸ்கேன் செய்து அங்கேதான் போட்டு வைத்திருப்பார்கள்.

ஒரே பாஸ்வேர்டு, எல்லாக் கதவுக்கும்

பாஸ்வேர்டை யாரோ உட்கார்ந்து ஊகிப்பார்கள் என்று நாம் கற்பனை செய்கிறோம். நடப்பது வேறு. எங்கோ ஒரு தளத்தில் இருந்து லட்சக்கணக்கான மின்னஞ்சல்-பாஸ்வேர்டு ஜோடிகள் கசிகின்றன. அதே ஜோடிகளை மற்ற தளங்களில் எல்லாம் தானியங்கியாகப் போட்டுப் பார்க்கிறார்கள். 2012-இல் கிளவுட் சேமிப்பு நிறுவனமான டிராப்பாக்ஸின் ஊழியர் ஒருவர் வேறு தளத்தில் வைத்திருந்த அதே பாஸ்வேர்டை வேலைக்கும் பயன்படுத்தியதில் தொடங்கிய சிக்கல், 6 கோடியே 80 லட்சம் கணக்குகளின் விவரம் வெளியேறுவது வரை போனது.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை பாஸ்வேர்டை மாற்றச் சொல்வதும் பலன் தருவதில்லை. மாற்றச் சொன்னால் மக்கள் கடைசியில் 1 இருந்த இடத்தில் 2 போடுவார்கள். அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட், கசிந்ததற்கான அறிகுறி இல்லாமல் காலக்கெடு வைத்து மாற்றச் சொல்ல வேண்டாம் என்று 2017-இலேயே வழிகாட்டுதலைத் திருத்திவிட்டது. நீளமாக, ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனியாக வைப்பதே முக்கியம். அத்தனையையும் மனதில் வைக்க முடியாது, வைக்கவும் வேண்டாம். எல்லாப் பாஸ்வேர்டையும் பூட்டி நினைவில் வைக்கும் நல்ல பாஸ்வேர்டு மேனேஜர் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

பாஸ்வேர்டோடு செல்போனில் வரும் எண் போன்ற இன்னொரு சான்றையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை முதலில் மின்னஞ்சலுக்குப் போடுங்கள், வங்கிக்கும் முன்னால். மற்ற எல்லாக் கணக்குகளின் "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" இணைப்பும் வந்து சேருவது மின்னஞ்சலுக்குத்தானே. அதைப் போட்டதும் ரெக்கவரி கோடுகள் என்று சில எண்கள் தருவார்கள். அவற்றை அச்செடுத்து வைக்காமல் செல்போனைத் தொலைத்துவிட்டுத் தன் கணக்குக்கு வெளியே தானே நின்று தவித்தவர்கள் உண்டு.

வேலையை விட்டுப் போனவர்களின் கணக்குகளை மூடாமல் விடுவதும் இதே வகைதான். 2021 மே மாதம் ரான்சம்வேர் தாக்குதலால் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் எரிபொருள் குழாயே நிறுத்தப்பட்டது. தாக்கியவர்கள் நுழைந்தது, வெளியிலிருந்து அலுவலக வலையமைப்புக்குள் நுழைய உதவும், பயன்பாட்டில் இல்லாமலே திறந்து கிடந்த ஒரு விபிஎன் கணக்கு வழியாக. இரண்டடுக்குச் சரிபார்ப்பு அதற்கு இல்லை. அந்த நிறுவனம் சுமார் 44 லட்சம் டாலர் கட்டிச் சாவி வாங்கியது. அந்தச் சாவியோ மிக மெதுவாக வேலை செய்ததால் தன் பேக்கப்புகளையே நாட வேண்டியிருந்தது.

வந்த ஃபைலையும் வந்த கடிதத்தையும் அப்படியே நம்புவது

விண்டோஸ் ஃபைல் பெயரின் கடைசிப் பகுதியை மறைத்தே காட்டும். 'இன்வாய்ஸ்.பிடிஎஃப்' என்று கண்ணுக்குத் தெரிவது உண்மையில் 'இன்வாய்ஸ்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ' ஆக இருக்கலாம். அதாவது திறந்ததும் ஓடத் தொடங்கும் நிரல். 2000 மே மாதம் பரவிய 'ஐ லவ் யூ' புழு இப்படித்தான் காதல் கடிதம் போல, டெக்ஸ்ட் ஃபைல் வேடம் போட்டு வந்தது. இத்தனை வருடம் கழித்தும் அந்த மறைப்பு அப்படியே இருக்கிறது. விண்டோஸ் 11-இல் ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து 'வியூ', பிறகு 'ஷோ', அதில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை டிக் செய்யுங்கள். அரை நிமிட வேலை. புதுக் கணினி எதைத் தொட்டாலும் நான் முதலில் செய்வது இதைத்தான்.

ஃபைலே இல்லாமல் வரும் மோசடி இன்னும் கொடுமை. வழக்கமாகச் சரக்கு அனுப்பும் நிறுவனத்தின் பெயரில் ஒரு மின்னஞ்சல்: "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் செலுத்தவும்." லிதுவேனியாவைச் சேர்ந்த ஒருவர் 2013 முதல் 2015 வரை ஒரு தைவான் வன்பொருள் நிறுவனத்தின் பெயரில் போலி இன்வாய்ஸ் அனுப்பி கூகுளிடமும் ஃபேஸ்புக்கிடமும் சேர்த்து 10 கோடி டாலருக்கு மேல் பறித்தார், 2019-இல் அவருக்கு ஐந்து வருடச் சிறை. எந்த ஆன்டிவைரஸும் இதைப் பிடிக்காது, ஏனென்றால் அந்தக் கடிதத்தில் வைரஸ் இல்லை. கணக்கு எண் மாறியது என்று வந்தால் போன் செய்து கேளுங்கள். அதுவும் கடிதத்தில் உள்ள எண்ணுக்கு அல்ல, உங்களிடம் முன்பே இருக்கும் எண்ணுக்கு. "முதலாளி அவசரம் என்கிறார்" என்று வந்தாலும் இந்த விதியைத் தளர்த்தக் கூடாது. அப்படிப் போன் செய்யும் ஊழியரை எந்த முதலாளியும் கடிந்துகொள்ளவும் கூடாது.

சுருக்கமாக இன்னும் சில

அப்டேட்டைத் தள்ளிப்போடுவது. வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் 2017 மே 12-ஆம் தேதி பரவியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் மார்ச் 14-ஆம் தேதியே கொடுத்துவிட்டது. இடையில் இரண்டு மாதம் இருந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.

கிராக் செய்த மென்பொருள். நிறுவும் முன் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும் எதையும் தொடாதீர்கள். ரௌட்டரில் தொழிற்சாலை வைத்த பாஸ்வேர்டை அப்படியே விடாதீர்கள். அன்றாட வேலைக்கு, எதையும் நிறுவவும் மாற்றவும் அனுமதி உள்ள அட்மின் கணக்கில் நுழையாதீர்கள்.

பழைய கணினியை விற்பது மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது. அழித்தாலோ, விரைவாக ஃபார்மேட் செய்தாலோ, பெயர்ப்பட்டியல்தான் போகும். சரக்கு உள்ளேயே கிடக்கும். அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் பழைய ஹார்டு டிஸ்க் 158 வாங்கிப் பார்த்து 2003-இல் வெளியிட்ட ஆய்வில், முறையாகத் துடைக்கப்பட்டவை 12 மட்டுமே. இன்றைய எஸ்எஸ்டிகளில் மேலெழுதித் துடைப்பதையும் முழுதாக நம்ப முடியாது. வாங்கிய நாளிலேயே, சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் போன்ற முழு டிஸ்க் குறியாக்கத்தைப் போட்டுவிட்டால் திருட்டுப் போனாலும் விற்றாலும் கவலை குறைவு. அதன் ரெக்கவரி கீயை அதே லேப்டாப்பில் சேமித்து வைக்காதீர்கள்.

முதல் ஒரு மணி நேரம்

ரான்சம்வேர் தாக்கியது என்று தெரிந்ததும் பெரும்பாலானவர்கள் செய்வது ஃபார்மேட். வேண்டாம். முதலில் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். திரையை செல்போனில் படம் எடுங்கள். பூட்டப்பட்ட ஃபைல்களின் ஒரு பிரதியை எடுத்து வையுங்கள். 2016-இல் யூரோபோல், நெதர்லாந்து காவல்துறை ஆகியவை பாதுகாப்பு நிறுவனங்களோடு சேர்ந்து தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் சில வகைகளுக்கு இலவசச் சாவி கிடைக்கிறது. இன்று இல்லாதது ஆறு மாதம் கழித்து வரலாம். டிஸ்க்கைத் துடைத்துவிட்டால் அந்த வாய்ப்பும் போகும்.

அந்தக் கணக்கு அலுவலகத்தில் அன்று, ஊழியர் ஒருவர் தன் வீட்டில் ஒரு பென் டிரைவ் இருப்பதை நினைவுபடுத்தி, ஓடிப்போய் எடுத்து வந்தார். வந்த வேகத்தில் அதே கணினியில் செருகப் போனார். கையைப் பிடித்து நிறுத்தினேன். சுத்தமான லேப்டாப் ஒன்றில் செருகிப் பார்த்தோம், திறந்தது. நான்கு மாதம் பழைய நகல். அந்த நான்கு மாதத்து பில்களை அச்சுத்தாள்களைப் பார்த்து மூன்று பேர் உட்கார்ந்து மறுபடி அடித்தார்கள். இப்போது அங்கே இரண்டு டிஸ்க்குகள், ஒன்றில் 'ஒற்றை வாரம்', இன்னொன்றில் 'இரட்டை வாரம்' என்று காகிதம் ஒட்டியிருக்கிறது. மாதத்தின் முதல் திங்களன்று அந்த ஊழியர்தான் ஒரு ஃபைலை வேறு லேப்டாப்பில் திறந்து பார்த்து, சுவரில் தொங்கும் நாட்காட்டியில் தேதியைச் சுற்றிக் கையெழுத்துப் போடுகிறார்.