நொட்டை என்று ஒதுக்காதீர்கள்: பக் ரிப்போர்ட்டுக்குப் பதில் எழுதும்போது மாணவர்கள் செய்யும் தவறுகள்

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் சிஎஸ்2103 மென்பொருள் பொறியியல் பாடத்தில், ஒரு குழு செய்த மென்பொருளை வேறு குழு மாணவர்கள் சோதித்துப் பிழைகளைப் பதிவார்கள். செய்த குழு ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். இரு தரப்புக்கும் மதிப்பெண் உண்டு என்பதால் பொடி விஷயமெல்லாம் வந்து குவியும். எரிச்சல் வருவது இயல்புதான். ஆனால் அந்த எரிச்சலோடு, தலைப்பை மட்டும் பார்த்துப் பதில் எழுதுவதுதான் முதல் தவறு.

"பெயரில் சாய்கோடு போட்டால் ஏற்கவில்லை" என்று ஒரு ரிப்போர்ட் வருகிறது. பெயரில் யார் சாய்கோடு போடப்போகிறார்கள் என்று தள்ளிவிடத் தோன்றும். சிங்கப்பூரில் தமிழர் பலருடைய அடையாள அட்டையில் 'ரவி எஸ்/ஓ குமார்' என்ற மாதிரிதான் பெயர் இருக்கும். எஸ்/ஓ என்றால் இன்னாரின் மகன், மகளுக்கு டி/ஓ. இந்தப் பாடத்தில் பல குழுக்கள் அடித்தளமாக வைத்துக்கொள்ளும் அட்ரஸ்புக் லெவல் 3 என்ற, ஜாவா மொழியில் எழுதிய முகவரிப் புத்தகச் செயலியோ, பெயரில் எழுத்து, எண், இடைவெளி மூன்றையும் தவிர வேறெதையும் ஏற்காது. ஒருவர் தன் பெயரை உள்ளபடி பதிய முடியவில்லை என்பதை நொட்டை என்று சொல்ல எனக்கு மனம் வராது. "அது நாங்கள் எழுதிய நிரல் இல்லை, முன்பே இருந்தது" என்ற பதிலும் பயன்படுத்துகிறவருக்கு உதவாது.

சரி, சாய்கோட்டை அனுமதித்துவிடலாம் என்று ஒரு வரியை மாற்றினால் போதுமா? அந்தச் செயலியில் தட்டும் கட்டளைகளில் 'என்/'க்குப் பின் வருவது பெயர், 'பி/'க்குப் பின் வருவது தொலைபேசி எண். மாணவர் எண்ணுக்கு நீங்கள் 'எஸ்/' சேர்த்திருந்தால், எஸ்/ஓ-வைச் சிறிய எழுத்தில் தட்டியதும் பெயர் 'ரவி'யோடு நின்றுவிடும். 'ஓ குமார்' மாணவர் எண்ணாகப் போய் உட்காரும். தட்டிப் பார்க்காமல் "சரிசெய்தாயிற்று" என்று எழுதுவது அடுத்த தவறு.

உண்மையிலேயே பொடிப் பிழைகளும் வரும். யூசர் கைடில், அதாவது பயனர் வழிகாட்டியில், ஒரு எழுத்துப் பிழை என்றால் நன்றி சொல்லி ஒரே வரியில் ஏற்றுக்கொள்ளுங்கள். அதற்குப் பத்து வரி மறுப்பு எழுதும் குழுக்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. அங்கே பேச வேண்டியது பிழையின் தீவிரத்தைப் பற்றி மட்டுமே. மிகக் குறைவு, குறைவு, நடுத்தரம், அதிகம் என்று நான்கு படிகள் இருக்கின்றன. இது யாருக்கு, எத்தனை தடவை நேரும், நேர்ந்தாலும் வேலையைத் தொடர முடியுமா என்று எழுதினால் படி தானாக இறங்கும். பயந்துபோய் எல்லாவற்றையும் 'அதிகம்' என்றே ஒப்புக்கொள்ளவும் வேண்டாம்.

மறுக்கிறீர்கள் என்றால் கைடின் எந்த வரி உங்களுக்குத் துணை நிற்கிறது என்று காட்டுங்கள். "அப்படித்தான் வடிவமைத்தோம்" என்பது காரணம் ஆகாது.

அப்புறம், ஒன்றுபோலத் தெரிகிறது என்பதற்காகவே ரிப்போர்ட்டுகளை ஒரே கட்டாகக் கட்டுவதும் தவறு. ஒன்றைச் சரிசெய்தால் மற்றது தானாகப் போகிறதா என்று பாருங்கள். பெயரில் சாய்கோடு, பெயரில் ஹைஃபன் இரண்டும் பெயரைச் சரிபார்க்கும் ஒரே நிரல் வரியில் அடங்கும். 'ஓ குமார்' மாணவர் எண்ணாவது அதில் தீராது. அது தனிப் பிழை.